பாதி வீட்டில் அடிபட்டால்: வேலையை நிறுத்துவதும் திரும்பத் தொடங்குவதும்

லிண்டல் மட்டம் வரை, அதாவது கதவு ஜன்னல்களுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை வரை, சுவர் எழும்பியிருந்தபோது எனக்குக் கணுக்கால் உடைந்தது. சாரத்தின் உச்சியிலிருந்து விழுந்தேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். நடந்தது அதுவல்ல. இரண்டடி உயரத்தில் போட்டிருந்த பலகையிலிருந்து, கையில் கலவைச் சட்டியோடு, பின்பக்கமாக இறங்கினேன். கீழே கிடந்த அரைச்செங்கல்லின் விளிம்பில் கால் பட்டது. அதை அங்கே போட்டதும் நான்தான்.

பதினான்கு வாரம் கழித்துத்தான் மறுபடி கரணையைத் தொட்டேன். அதற்குள் பன்னிரண்டு மூட்டை சிமென்ட் வீணாகிவிட்டது, ஒரு கழிவுக்குழாய் அடைத்துக்கொண்டது. இந்த இரண்டுக்கும் காரணம் உடைந்த கால் இல்லை. முதல் வாரத்தில் நான் செய்யாமல் விட்ட சில்லறை வேலைகள்தான். வீடு நாம் நினைப்பதைவிட நன்றாகக் காத்திருக்கும். ஆனால் காத்திருக்கிற மாதிரி அதை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். தன் கையாலேயே சுவர் வைக்கிறவர்களுக்கும், ஆள் வைத்துக்கொண்டு தினமும் கூடவே நிற்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

விழுந்தவுடன் எழுந்து நிற்கத் தோன்றும். சுற்றி ஆட்கள் நின்றால் இன்னும் அதிகமாகத் தோன்றும். ஒரு நிமிடம் அப்படியே கிடங்கள். கழுத்தோ நடுமுதுகோ வலித்தால், கைகால் மரத்திருந்தால், யாரையும் தூக்க விடாதீர்கள், ஆம்புலன்ஸ் வரட்டும். உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுந்திருந்தால் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் குதிகால் எலும்பு உடைந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இடுப்பு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். கால் வலி பெரிதாக இருப்பதால் முதுகு வலி வெளியே தெரியாது. எவ்வளவு உயரம், எந்தப் பக்கமாக விழுந்தது என்று மருத்துவரிடம் நாமாகச் சொல்ல வேண்டும்.

கணுக்கால் மட்டும்தான் என்றால், சுளுக்கா முறிவா என்று வாதம் செய்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். இருபுறமும் துருத்தியிருக்கும் எலும்பு மேட்டின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ, நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. கட்டைவிரலை நன்றாக விரித்தால் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழிக்குள் அழுத்தினால் வலிக்கிறதென்றால் ஸ்கஃபாய்டு என்ற சிறிய எலும்பு உடைந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது பல சமயம் தெரியாது. பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுத்தால்தான் தெரியும். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்று மறுநாளே சம்மட்டி பிடித்தால், அது சேராமல் போய்ப் பிடிமானத்தையே கெடுத்துவிடும்.

தலையில் அடி என்றால் இரண்டு நாளைக்குத் தனியாக இருக்காதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆணி குத்தினால் ரத்தம் குறைவாகத்தான் வரும், அதனாலேயே அலட்சியம் வரும். அழுக்குக் காயம், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டிவிட்டது என்றால் மறுபடி போட வேண்டியிருக்கும்.

சிமென்ட் புண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் அடிபட்டதாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஈரக் கலவை கடுமையான காரம். பூட்ஸுக்குள் போனாலும், மண்டியிட்ட இடத்தில் துணி வழியாக ஊறினாலும், அப்போது வலிக்காது. சாயங்காலம் பார்த்தால் தோல் வெந்திருக்கும். நனைந்த துணியை உடனே கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் அதே இருபது நிமிடம் கழுவி, பிறகு நேரே மருத்துவரிடம்.

கான்கிரீட் ஓடிக்கொண்டிருக்கும்போது அடிபட்டால் என்ன செய்வது? ஆள் மருத்துவமனைக்குப் போக வேண்டும், கான்கிரீட் நிற்கக்கூடாது. பாதித் தளத்தில் நிறுத்தினால், போட்டது இறுகத் தொடங்கிய பிறகு புதிது அதோடு ஒட்டாது. அந்தக் கோட்டில் பலமும் போகும், தண்ணீரும் இறங்கும். அதனால் கான்கிரீட் போடும் நாளன்று காலையிலேயே "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா முடிவெடுக்கிறது இவர்" என்று ஒருவரை எல்லோர் முன்னாலும் சொல்லி வையுங்கள். அபசகுனமாகப் பேசுகிறான் என்பார்கள். பேசட்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது

"ஓய்வெடுங்கள்" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் அது எதற்கும் உதவாது. நம் வேலை என்ன என்பது அவருக்குத் தெரியாது; ஏதோ வீடு கட்டுகிறார், நின்று பார்த்துக்கொள்வார் என்றுதான் நினைப்பார். கிலோவிலும் மீட்டரிலும் சொல்லுங்கள். 50 கிலோ மூட்டையை ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்குவீர்கள், ஏணியில் எத்தனை முறை ஏறி இறங்குவீர்கள், எத்தனை மணி நேரம் குத்துக்காலிட்டு உட்காருவீர்கள் என்று. அப்புறம் கேளுங்கள்: எப்போது காலை ஊன்றலாம்? எப்போது முழு எடையையும் போடலாம்? கிரைண்டர், டிரில் மாதிரி அதிர்கிற கருவியை எப்போது பிடிக்கலாம்? இந்த மாத்திரை தூக்கம் வரவழைக்குமா? பதிலைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வேலை அட்டவணை இனி அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும்.

மணிக்கட்டு முறிவுக்கு மாவுக்கட்டு ஏறக்குறைய ஆறு வாரம். விலா எலும்பு தானாகச் சேரவும் ஆறு வாரம் ஆகும், அதுவரை தும்மினால்கூட உயிர் போகும். முழங்காலுக்குக் கீழே நீள எலும்பு உடைந்தால் நான்கு முதல் ஆறு மாதம்வரை ஆகலாம். இவை எலும்பு சேரும் காலம் மட்டும்தான். கட்டுப் பிரித்த அன்று என் கெண்டைக்கால் மற்றக் காலில் பாதியாக இருந்தது. சுருங்கிய தசை திரும்பி வருவதற்குத் தனியாக நாள் வேண்டும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள்: கட்டுப் பிரிக்கும் தேதியை வேலைக்குத் திரும்பும் தேதியாக எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். புகைபிடிக்கிறவர்களுக்கு எலும்பு சேர இன்னும் தாமதமாகும். விடுவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

கட்டுப் போட்ட பிறகு சில அறிகுறிகளுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கட்டுக்குள் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, விரலை நீட்டினால் துடிப்பது, விரல் நீலமாகவோ மரத்தோ போவது. கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இடுப்பு பிடித்துக்கொண்டவர்களுக்கு, தொடைகளுக்கு இடையே, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது. இவை தவிர்த்த சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு நாள்கணக்கில் படுத்துக் கிடப்பது நல்லதல்ல. வலி தாங்கும் அளவுக்கு நடமாடினால்தான் சீக்கிரம் விடும்.

வீட்டைத் தூங்க வைப்பது

இதற்காகத்தான் கட்டுரையே. முதல் வாரத்துக்குள், நீங்கள் படுத்திருந்தபடி, வேறு ஒருவர் கையால் இதையெல்லாம் முடிக்க வேண்டும்.

எனக்கு அடிபட்டபோது லிண்டல் போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கொத்தனாருக்குப் போன் போட்டேன். "அண்ணே, லிண்டலுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கால் எப்படி இருக்குன்னு சொல்லுங்க முதல்ல" என்றார். பிறகு, "ஊத்தியாச்சு, சாக்கும் போட்டாச்சு" என்றார். பாதிக் கவலை அங்கேயே போய்விட்டது.

போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவதுதான் எதற்கும் காத்திருக்காத வேலை. குறைந்தது ஏழு நாள். நிலக்கரிச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமென்ட் என்றாலும், வெயில் கொளுத்தினாலும் பத்திலிருந்து பதினான்கு நாள். ஈரச் சாக்கை மூடி வைத்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை நனைத்தாலே போதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகூடச் செய்துவிடும். விட்டுப்போன நாளைப் பிறகு சேர்த்து ஊற்றி ஈடுகட்ட முடியாது.

கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் முட்டுக் கம்பங்களும் சென்ட்ரிங் பலகைகளும் இதற்கு நேர் எதிர். அவை அதிக நாள் நின்றால் கான்கிரீட்டுக்குக் கெடுதலே இல்லை. வாடகை ஏறுகிறதே என்ற கவலையில், நீங்கள் படுத்திருக்கும்போது யாராவது வந்து "கழட்டிடட்டுமா" என்பார்கள். தளத்தின் அகலத்தைப் பொறுத்து ஏழு நாளா பதினான்கா, பீமுக்கு இன்னும் அதிகமா என்பது மாறும். பொறியாளர் தேதி சொல்லாமல் ஒரு முட்டுக் கம்பத்தைக்கூட எடுக்க விடாதீர்கள். நீங்கள் இல்லாத இடத்தில் எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வாடகை போனால் போகிறது.

தோண்டிய அஸ்திவாரக் குழி திறந்து கிடந்தால், முதலில் அதைக் கவனியுங்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். கரை சரிந்தால் உள்ளே இருக்கிறவர் மீண்டு வருவது கடினம். குழந்தைகளுக்கு அது விளையாட்டு இடமாகவும் தெரியும். வாரக்கணக்கில் வேலை நிற்கப் போகிறதென்றால் சுற்றி உறுதியாக அடையுங்கள், அல்லது மூடிவிட்டுப் பிறகு தோண்டுங்கள். இரண்டு முறை தோண்டும் கூலி வயிற்றெரிச்சல்தான். ஆனால் தண்ணீர் நின்று குழியின் அடி சேறானால் அதன்மேல் கான்கிரீட் போட முடியாது. சேற்றை எடுத்துக் கெட்டி மண்வரை போக வேண்டும், அந்தப் பள்ளத்தை மண்ணால் நிரப்பாமல் சிமென்ட் குறைவாகப் போட்ட மெலிந்த கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். அந்தச் செலவு இன்னும் பெரிது.

தனியாக நிற்கும் உயரச் சுவர் காற்றுக்கு விழும். மேலே தளமோ பீமோ வந்து பிடிக்கும்வரை அது வெறும் அட்டைதான், கூரைக்காக முக்கோணமாக எழுப்பிய சுவர் இன்னும் மோசம். சாய்வாகக் கட்டை கொடுத்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். சுவரின் தலையைத் தார்ப்பாயால் மூடி, மேலே செங்கல்லை வைத்து அமுக்குங்கள். மழைத் தண்ணீர் மேலிருந்து இறங்கினால் புது இணைப்புகளிலிருந்து சுண்ணாம்பை அரித்துக்கொண்டு வந்து வெள்ளைக் கோடுகளாக வழியும்.

நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளின் முனைக்கு மூடி போடுங்கள். மூடி இல்லையென்றால் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்தாவது வையுங்கள். பாட்டில் கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும்தான், மேலே விழுகிறவரை அது காப்பாற்றாது. ஆட்கள் நடமாடும் இடமாக இருந்தால் பலகை கட்டுங்கள். லேசான பழுப்புத் துரு பிடித்தால் கவலை வேண்டாம். செதில் செதிலாக உரியும் துருதான் ஆகாது. மாதக்கணக்கில் நிற்கும் என்று தெரிந்தால் சிமென்ட் பாலை (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) பூசி வைக்கலாம். திரும்பத் தொடங்கும்போது உதிர்கிறதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும்.

இனி என் பன்னிரண்டு மூட்டை. சுவரை ஒட்டி, நேராகத் தரையில், மேலே ஒரு தார்ப்பாயை மட்டும் போட்டு அடுக்கியிருந்தேன், அடுத்த வாரம் தீர்ந்துவிடும் என்ற தைரியத்தில். பதினான்கு வாரம் கழித்து ஒன்றைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். நல்ல சிமென்ட் விரல்களுக்கு நடுவே மாவுபோலக் குளுகுளுவென்று நழுவ வேண்டும். என் விரலில் முட்டியது கல். ஒரு கட்டியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன், உடையவில்லை. கட்டி விரலில் நசுங்கினால் சலித்துவிட்டுச் சாதாரண வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். நசுங்காவிட்டால் பில்லருக்கும் தளத்துக்கும் அதன் பக்கமே போகக்கூடாது. ஒழுங்காக வைத்திருந்தாலே மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலம் குறையும் என்பது கட்டுமானக்காரர்களின் பழைய கணக்கு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை, சுவரிலிருந்து ஓர் அடி இடைவெளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்கக்கூடாது, சுற்றிலும் பிளாஸ்டிக் தாள். அதைவிட நல்லது, முதல் வாரமே பக்கத்தில் கட்டுகிற யாருக்காவது கொடுத்துவிடுவது. திரும்பி வரும்போது அவர்கள் புது மூட்டையாகத் தருவார்கள், தராவிட்டாலும் கல்லாகப் போவதற்கு அது மேல்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வாயைத் திறந்துகொண்டிருக்கும் எல்லாக் குழாய்களுக்கும் மூடி போட வேண்டும். என்னுடைய ஒன்றில் மணலும் ஓர் அணில் கூடும் சேர்ந்து கெட்டித்துக் கிடந்தன, தரையைக் கொத்தித்தான் எடுத்தோம். பிளாஸ்டிக் குழாய்களை வெயிலில் போடக்கூடாது, மரத்தை நடுநடுவே சட்டம் வைத்துச் சமமாக அடுக்க வேண்டும், மின்சாரத்தை மெயினில் நிறுத்த வேண்டும், ஏணியை எடுத்து உள்ளே பூட்ட வேண்டும், தொட்டியிலும் டிரம்மிலும் நிற்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். செங்கல், ஜல்லி இரண்டும் சமர்த்துப் பிள்ளைகள். எவ்வளவு நாள் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

தாள் வேலை

எல்லா மூலையையும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள், அளவு நாடாவை விரித்துப் பிடித்தபடி, தேதியோடு. மூன்று மாதம் கழித்து "இந்த விரிசல் அப்பவே இருந்ததா?" என்ற கேள்வி வரும். காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள்: விபத்தை எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வேலை நின்று கிடக்கும் காலத்திலும் பாதுகாப்பு உண்டா என்று. சிலவற்றில் குறிப்பிட்ட நாளுக்கு மேல் வேலை நின்றால் தெரிவிக்க வேண்டும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். கட்டுமான அனுமதிக்கும் காலாவதித் தேதி உண்டு. கடன் தவணை தவணையாக வருகிறதென்றால் அதற்கும் கெடு உண்டு. தேதி முடிவதற்கு முன்னால் நீட்டிப்புக் கேட்பது ஒரு கடிதத்தோடு போய்விடும். முடிந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

அப்புறம் ஒன்று: பலமான வலி மாத்திரை சாப்பிடும் நாட்களில் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு ஐந்தாம் நாள் ஒருவர் வந்து, மொத்த மீதி வேலையையும் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார். அன்றைக்கு அவர் எனக்குத் தேவதூதராகத் தெரிந்தார். பேனாவைக் காணோம் என்பதால் தப்பித்தேன்.

நாற்காலியிலிருந்து கட்டுவது

ஆட்களை வைத்து வேலையைத் தொடர்வதா, முழுவதும் நிறுத்துவதா? உங்களுக்குப் பதில் வேலையிடத்தில் நின்று "நிறுத்து" என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால் தொடருங்கள். இல்லையென்றால், பூச்சுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ மறைந்துபோகும் எந்த வேலையையும் நீங்கள் இல்லாமல் நடக்க விடாதீர்கள். கம்பி கட்டுவது, மின்குழாய் பதிப்பது, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு எல்லாம் அதில் அடங்கும். வெளியே தெரிகிற வேலை தப்பானால் திருத்திக்கொள்ளலாம். மறைந்த தப்பு கூடவே குடியிருக்கும்.

ஆறாவது வாரம் ஊன்றுகோலோடு வேலையிடத்துக்குப் போனேன். கட்டின்மேல் பிளாஸ்டிக் பையை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஒரு டிரம்மில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கால் நெஞ்சு மட்டத்துக்கு மேல் இருந்தால்தான் வீக்கம் வடியும். டிரம்மின் உயரத்துக்கு அது நடக்கவில்லை, அதனால் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. அந்த அரை மணியில் ஒன்று பார்த்தேன். அதுவரை தினமும் எனக்குப் படம் வந்துகொண்டிருந்தது, எல்லாப் படத்திலும் ஜன்னல்கள் ஒரே வரிசையில்தான் இருந்தன. நேரில் உட்கார்ந்து பார்த்தால் கிழக்குச் சுவரின் ஜன்னல் அடி, தெற்குச் சுவரின் ஜன்னல் அடியைவிடக் கீழே இறங்கித் தெரிந்தது. டியூபில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் பிடித்துப் பார்த்தோம். நான்கு சென்டிமீட்டர். ஒரு வரிசை கழற்றி வைத்ததோடு போயிற்று, பூச்சுக்குப் பிறகு தெரிந்திருந்தால் போயிருக்காது.

அதிலிருந்து, வெறும் படம் அனுப்பினால் ஏற்றுக்கொள்வதில்லை என்று ஒரு விதி போட்டேன். ரசமட்டம் சுவரில் ஒட்டியிருக்க, அதன் குமிழி தெரிகிற மாதிரி ஒரு படம். தூக்குக்குண்டு தொங்க, நூலுக்கும் சுவருக்கும் நடுவே நாடாவைப் பிடித்து மேலே ஒன்று, கீழே ஒன்று. அறை மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும்; எதிரெதிர்ச் சுவர்களின் நீளம் ஒத்திருந்து, இந்த இரண்டும் சமமாக வந்தால் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. கம்பி பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக், கம்பிக்கு அடியில் தெரிகிற மாதிரி ஒன்று. இவ்வளவும் எடுக்கப் பத்து நிமிடம்தான் ஆகும். முதல் இரண்டு நாள் கொத்தனார் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் அவரே, "நாடா கொஞ்சம் கோணலா பிடிச்சிட்டான், வேற எடுத்து அனுப்பறேன்" என்றார்.

ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும்: அடுத்தவர் செய்வது உங்கள் மாதிரி இருக்காது. இணைப்பு நீங்கள் தேய்ப்பதுபோல் வழவழப்பாக வராது, சாமான் வேறு இடத்தில் கிடக்கும். பலத்தையோ மட்டத்தையோ பாதிக்காத எதையும் சொல்லிச் சொல்லித் திருத்தாதீர்கள். சொல்லும் வார்த்தைக்கு ஒரு கணக்கு உண்டு, அதைக் கம்பிக்கும் கலவைக்கும் மிச்சம் வையுங்கள்.

உட்கார்ந்தபடி செய்ய வேறு வேலையும் நிறைய உண்டு. எந்தச் சுவரில் எந்த உயரத்தில் சுவிட்ச், கதவு எந்தப் பக்கம் திறக்கும், அது திறந்தால் சுவிட்சை மறைக்குமா, குழாய் எங்கே போய் எங்கே திரும்பும், டைல்ஸ் எந்த மூலையிலிருந்து தொடங்கினால் வெட்டு கண்ணில் படாது என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கால் நன்றாக இருந்தபோது "அப்போ பார்த்துக்கலாம்" என்று தள்ளிய அத்தனையும் இதுதான். நான் வரைந்து பார்த்ததில் குளியலறைக் கதவு வாஷ்பேசினில் இடிப்பது தெரிந்தது.

மனசு எப்படி இருக்கும் என்று கேட்டால், மூன்றாவது வாரம் மோசம். முதல் இரண்டு வாரம் வலியும் விசாரிப்புமாக ஓடிவிடும். பிறகு ஆள் வருவது நிற்கும், சுவர் அப்படியே நிற்கும், வீட்டில் இருப்பவர்கள் இரண்டு மடங்கு வேலை செய்துகொண்டிருப்பார்கள். எரிச்சலை அவர்கள்மேல்தான் காட்டுவோம். நான் காட்டினேன். எனக்கு உதவியது ஒன்றுதான்: வீட்டைப் பற்றிப் பேச வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டது. மற்ற நாளில் வேலையிடத்துப் படத்தைக்கூடத் திறக்கவில்லை. தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இழுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், எலும்பைப் பற்றிச் சொல்வதுபோலவே.

திரும்ப வேலையில் இறங்குவது

மருத்துவர் சரி என்ற பிறகும், ஏணிக்கு முன்னால் எனக்கு நானே மூன்று சோதனை வைத்துக்கொண்டேன். உடைந்த காலில் மட்டும் அரை நிமிடம் தள்ளாடாமல் நிற்க வேண்டும். படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்க வேண்டும். ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பத்துக் கிலோ வாளியோடு மேடுபள்ளமான மண்ணில் நடக்க வேண்டும். மணிக்கட்டு உடைந்தவர்கள் ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்து பாருங்கள். வலித்தால் கிரைண்டரைத் தொடாதீர்கள்; அது உதறினால் பிடித்து நிறுத்த அந்தப் பிடிதான் வேண்டும்.

உங்களைப்போலவே வேலையிடமும் இத்தனை நாள் சும்மா கிடந்திருக்கிறது. சாரத்தின் கயிறு வெயிலில் இற்றிருக்கும், பலகை பிளந்திருக்கும், கால் ஊன்றிய மண் இறங்கியிருக்கும். மழை பெய்திருந்தால் கண்டிப்பாக இறங்கியிருக்கும். ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்கள். விட்ட சுவரின் தலையிலிருக்கும் உதிரிக் கலவையைச் சுரண்டி, கழுவி, நனைத்துவிட்டுத்தான் அடுத்த வரிசை. பழைய கான்கிரீட்டோடு புதிது சேர வேண்டிய இடத்தில் மேலே படிந்து இறுகிய மெல்லிய சிமென்ட் படலத்தைக் கொத்தி, ஜல்லி தெரியும்வரை சொரசொரப்பாக்க வேண்டும். ஏணியை நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வெளியே தள்ளிச் சாய்க்க வேண்டும், தலை ஏறி நிற்கும் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நீண்டிருக்க வேண்டும், கையில் சாமானோடு ஏறக்கூடாது. இதெல்லாம் முன்பே தெரிந்த விதிகள்தான். முன்பு நான் கடைப்பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை உயரத்தை மாற்றுங்கள். செங்கல்லையும் கலவையையும் தரையில் வைத்துக் குனிந்து எடுப்பதற்குப் பதில், முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு மேடை போட்டு அடுக்குங்கள். மூட்டையைப் பாதியாகப் பிரித்துத் தூக்குங்கள். முதல் இரண்டு வாரம் உயரத்தில் ஏறாதீர்கள், அரை நாளுக்கு மேல் நிற்காதீர்கள். கடைசி ஒரு மணி நேரம் ரொம்ப ஆபத்தானது. களைப்பில் கால் எங்கே வைக்கிறோம் என்று பார்க்க மாட்டோம், "இந்த ஒரு வரிசை மட்டும்" என்போம். நான் விழுந்ததும் அப்படியொரு வரிசைக்குத்தான். இப்போது நிறுத்தும் நேரத்துக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறேன், அது அடித்தால் கையில் இருக்கும் செங்கல்லை வைத்துவிட்டு இறங்கிவிடுவது, பிறகு அரை மணி நேரம் தரையைக் கூட்டுவது.

அளவு சரியா என்று மறுநாள் காலைதான் தெரியும். மாலையில் கால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும், பல மாதத்துக்கு வீங்கும். காலையில் எழுந்து கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழாவிட்டால் நேற்றுச் செய்த அளவைத் தொடரலாம். குழி விழுந்து நின்றால் அன்றைக்குப் பாதி. மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.

நான் திரும்பிய முதல் நாள் பதினொரு செங்கல் வைத்தேன். கொத்தனார் எண்ணிக்கொண்டே இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் குழி விழவில்லை. பதினைந்து வைத்தேன்.